கோஆக்சியல் இல்லாத நாளில் வீட்டு வயர்

வீட்டு மின்வேலைக்கு வாங்கியதில் மிஞ்சிய ட்வின் வயர் ஒரு சுருள் அலமாரியில் கிடந்தது. இரண்டு வயர்கள் பக்கத்தில் பக்கமாக ஒட்டியிருக்கும், நடுவில் நகத்தால் பிளக்கும்படி ஒரு பள்ளம் ஓடும், அந்த வகை. மேஜை விளக்குக்கும் ஸ்பீக்கருக்கும் போடுவது. 0.75 சதுர மில்லிமீட்டர், உள்ளே 0.2 மில்லிமீட்டர் இழைகள் 24, மேலே பிவிசி உறை. அளந்து பார்த்தேன், 15 மீட்டர் இருந்தது. ஹாம் ரேடியோவுக்காக, அதாவது பொழுதுபோக்காக வானொலியில் தொடர்புகொள்வதற்காக, 7 மெகாஹெர்ட்ஸுக்கான டைபோல் (நடுவில் பிரிந்த இரண்டு கம்பிக் கைகளாலான ஆண்டெனா) ஏற்கெனவே மேலே ஏறிவிட்டது. அதிலிருந்து ரேடியோவுக்கு இறக்க வழக்கமாகப் போடும் கோஆக்சியல் கேபிள் (நடுக்கம்பியைச் சுற்றி உலோக வலை உள்ள கேபிள்) கையில் இல்லை. காத்திருக்க மனமும் இல்லை.

அன்று மாலையே டைபோலை இறக்கி, நடுவில் இந்த வயரைச் சால்டர் செய்து மறுபடி ஏற்றினேன். கீழ் முனையை நேராக ரேடியோவில் இணைத்தேன். 5 வாட், மோர்ஸ். எஸ்டபிள்யூஆர் மீட்டர் 1.3 காட்டியது. அனுப்பும் சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைச் சொல்லும் எண் அது; 1 என்றால் எதுவும் திரும்புவதில்லை. மூன்றாவது அழைப்புக்கே பதில் வந்தது. அப்புறம் இன்னொன்று. விளக்கு வயரில் ஏறிப்போன சிக்னலை யாரோ ஒருவர் தொலைவில் உட்கார்ந்து எழுதிக்கொள்கிறார் என்ற நினைப்பு அன்று இரவு முழுக்க என்னோடு இருந்தது.

இந்த வயர் எதற்கு ஆகும், எதற்கு ஆகாது என்று எனக்குப் புரிய அதற்குப் பிறகு பல மாதங்கள் பிடித்தன. முதல் பாடம் அடுத்த வாரமே வந்தது.

அதே டைபோல், அதே வயர், கீழே ஒரு ஆண்டெனா ட்யூனர், அதாவது லைனை ரேடியோவோடு பொருத்தும் கருவி. 14 மெகாஹெர்ட்ஸில் பேசலாம் என்று ட்யூனரைத் திருப்பினேன். இரண்டே திருப்பில் மீட்டர் 1.1க்கு வந்து நின்றது. இவ்வளவு சுலபமாக ட்யூன் ஆனதே என்று சந்தோஷப்பட்டேன். பிறகு ஒரு மணி நேரம் கூப்பிட்டேன், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அலைவரிசை திறந்துதான் இருந்தது. மற்றவர்கள் பேசுவது நன்றாகவே கேட்டது. பக்கத்து ஊரிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த மூத்த ஹாம் ஒருவர் மறுநாள் 7 மெகாஹெர்ட்ஸில் என்னைப் பிடித்துச் சொன்னார்: “தம்பி, நேத்து உங்க சிக்னல் இருந்தும் இல்லாத மாதிரிதான் வந்துச்சு. மீட்டரை விடுங்க. மேலே எவ்வளவு போகுதுன்னு பாருங்க.”

அவர் சொன்னதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. 7 மெகாஹெர்ட்ஸில் அரை அலை நீளமுள்ள டைபோல், 14 மெகாஹெர்ட்ஸில் முழு அலை நீளமாகிவிடுகிறது. அதன் நடுவில் இம்பீடன்ஸ், அதாவது மாறு மின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு, 60, 70 ஓம் இருக்காது. சில ஆயிரம் ஓம் இருக்கும். ட்வின் வயரின் சொந்த இம்பீடன்ஸோ ஏறத்தாழ 105 ஓம். 3000 ஓம் என்று எடுத்துக்கொண்டால் வயரின் மேல் முனையில் எஸ்டபிள்யூஆர் சுமார் 30. அதாவது சக்தியில் பெரும்பங்கு திரும்பி வருகிறது, மறுபடி மேலே போகிறது, மறுபடி திரும்புகிறது. ஒவ்வொரு பயணத்திலும் வயர் தன் பங்கை வெப்பமாக எடுத்துக்கொள்கிறது. தன் இம்பீடன்ஸுக்குச் சமமான, பொருத்தமான சுமையில் 1.6 டெசிபெல் (இங்கே சக்தி இழப்பைச் சொல்லும் அலகு; 3 டெசிபெல் என்றால் பாதி போய்விட்டது) மட்டுமே இழக்கும் அந்த 15 மீட்டர் வயர், இந்த நிலையில் 8 டெசிபெல்லுக்கு மேல் இழக்கிறது. நான் அனுப்பிய 5 வாட்டில் ஆண்டெனாவுக்குப் போய்ச் சேர்ந்தது முக்கால் வாட்.

இதே இழப்புதான் மீட்டரையும் ஏமாற்றுகிறது. திரும்பி வரும் அலையும் வழியில் தேய்ந்துவிடுவதால், மேலே 3000 ஓம் இருந்தாலும் கீழே சுமார் 500 ஓம்தான் தெரியும். எந்த ட்யூனரும் அதைச் சுலபமாகப் பொருத்திவிடும். ட்யூனர் எளிதில் படிந்தால் ஆண்டெனா நன்றாக இருக்கிறது என்று நினைப்போம். உண்மையில் அது வயர் நிறையத் தின்றுவிட்டதன் அடையாளமாக இருக்கலாம். இதே வயரை 60 மீட்டர் நீட்டி, மறுமுனையில் எதையுமே இணைக்காமல் விட்டு 28 மெகாஹெர்ட்ஸில் பார்த்தால், வயரின் சொந்த இம்பீடன்ஸை வைத்துக் கணக்கிடும் எஸ்டபிள்யூஆர் 1.2க்குள் இருக்கும். ஆண்டெனாவே இல்லை, ஆனாலும் நல்ல எண்! ஆகவே வீட்டு வயரில் ஃபீட் லைன் (ரேடியோவிலிருந்து ஆண்டெனாவுக்குப் போகும் வயர்) போடுகிறவர் எஸ்டபிள்யூஆரை வைத்து வயரை எடைபோடவே கூடாது. இழப்பைத் தனியாக அளந்துவிட வேண்டும்.

அளப்பது கஷ்டமில்லை. நான் முதலில் செய்தது இதுதான். 1 கிலோ ஓம், 1 வாட் கார்பன் ஃபிலிம் ரெசிஸ்டர்கள் பத்தை இணையாகச் சேர்த்தேன். 100 ஓம், 10 வாட் தாங்கும் சுமை கிடைத்தது. வயர் சுற்றிய ரெசிஸ்டர் மட்டும் வேண்டாம், அது இந்த அதிர்வெண்ணில் சுருளாக நடந்துகொள்ளும். சுமையை ட்வின் வயரின் ஒரு முனையில் வைத்து, வயரைத் தரையில் சுருட்டாமல் உயரத்தில் நீளமாகக் கட்டி, மறுமுனையில் 5 வாட் கொடுத்தேன். ஒரு டயோடு, ஒரு 0.01 மைக்ரோஃபாரட் கபாசிட்டர், பேட்டரியில் ஓடும் சாதாரண மல்டிமீட்டர். இவற்றால் இரண்டு முனையிலும் வோல்டேஜ் பார்த்தேன். 7 மெகாஹெர்ட்ஸில் தொடக்கத்தில் 10 பங்கு என்றால் முடிவில் 9 பங்கு. அது 0.9 டெசிபெல். 14இல் 10க்கு 8.3, அதாவது 1.6 டெசிபெல். 28இல் 10க்கு 7.2 மட்டும், கிட்டத்தட்ட 2.9 டெசிபெல், பாதிச் சக்தி வழியிலேயே போய்விட்டது.

இவை என் வயரின் எண்கள். வேறு சுருளில் வேறு வரும். பிவிசியில் கலக்கும் பொருட்கள் ஒவ்வொரு தயாரிப்பிலும் மாறும், அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. யாருடைய அட்டவணையையும் நம்புவதைவிட உங்கள் சுருளை நீங்களே ஒருமுறை அளந்துவிடுவது நல்லது.

பிவிசியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், எல்லாம் அதில்தான் இருக்கிறது. இரண்டு வயர்கள் ஒட்டியிருக்கும்போது அவற்றுக்கு நடுவிலான மின்புலம் பெரும்பாலும் உறைக்குள்தான் ஓடுகிறது. விளக்குக்குப் போகும் 50, 60 ஹெர்ட்ஸில் பிவிசி அருமையான காப்பு. மெகாஹெர்ட்ஸ் கணக்கில் வரும்போது அது ஒவ்வொரு சுழற்சியிலும் கொஞ்சம் சக்தியை உறிஞ்சிக்கொள்ளும். கோஆக்சியலுக்குள் இருக்கும் பாலிஎத்திலீன் இந்த விஷயத்தில் பிவிசியைவிடப் பல மடங்கு சுத்தமானது. செம்பில் வரும் இழப்பு அதிர்வெண் இரட்டிப்பானால் 1.4 மடங்குதான் ஏறும். உறையில் வரும் இழப்பு அப்படியே இரண்டு மடங்காகும். அதனால்தான் கீழ் அலைவரிசைகளில் கௌரவமாக நடந்துகொள்ளும் இந்த வயர் 21, 28 மெகாஹெர்ட்ஸில் கைவிட்டுவிடுகிறது.

ஆர்ஜி-58 கோஆக்சியலும் 15 மீட்டருக்கு 7 மெகாஹெர்ட்ஸில் சுமார் 0.6 டெசிபெல் இழக்கும். ட்வின் வயர் 0.9. வித்தியாசம் 0.3 டெசிபெல். ரேடியோவில் சிக்னல் அளவைக் காட்டும் எஸ்-மீட்டரில் ஒரு புள்ளி என்பது 6 டெசிபெல் என்றால், எதிர்முனையில் இருப்பவருக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. இதை எனக்கு நானே நிரூபித்துக்கொள்ள டபிள்யூஎஸ்பிஆர் கொண்டு முயன்றேன். இயற்பியலில் நோபல் பெற்ற ஜோ டெய்லர் 2008இல் வெளியிட்ட முறை அது; ஒவ்வொரு அனுப்புதலும் இரண்டு நிமிடத்துக்குள் முடியும், கேட்டவர்கள் சிக்னல் அளவைத் தானாகவே பதிவிடுவார்கள். ஒரு இரவு ட்வின் வயர், மறு இரவு ஆர்ஜி-58 என்று மாற்றி மாற்றி எட்டு இரவுகள் 7 மெகாஹெர்ட்ஸில் ஓட்டினேன். வானம் இரவுக்கு இரவு மாறிய அளவுக்கு முன்னால் வயரின் வித்தியாசம் கரைந்தே போனது. எந்த வயர் சிறந்தது என்பதை அந்த எட்டு இரவுகள் சொல்லவில்லை. ஆனால் 7 மெகாஹெர்ட்ஸில் கோஆக்சியல் இல்லையே என்று ஏங்க வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டன. நுணுக்கமான ஒப்பீட்டுக்கு அந்தப் பத்து ரெசிஸ்டரைத்தான் இன்றும் நம்புகிறேன்.

பிறகு ஒரு நானோ-விஎன்ஏ கிடைத்தது, ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் இம்பீடன்ஸைக் காட்டும் கருவி. உள்ளங்கை அளவு கருவிதான், இந்த வேலைக்கு அதைவிட உதவியானது வேறில்லை. வயரின் மறுமுனையைத் திறந்து விட்டு, கீழிருந்து அதிர்வெண்ணை ஏற்றிக்கொண்டே போனேன். 3.45 மெகாஹெர்ட்ஸில் இம்பீடன்ஸ் அடிமட்டத்துக்கு விழுந்தது. அங்கே வயர் மின்சாரக் கணக்கில் கால் அலை நீளம். காற்றில் அந்தக் கால் அலை 21.7 மீட்டர், வயரோ 15 மீட்டர். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 0.69. வயருக்குள் அலை ஓடும் வேகம் ஒளியின் வேகத்தில் 69 சதவீதம். அதற்குச் சரிபாதி அதிர்வெண்ணில், அதாவது 1.72 மெகாஹெர்ட்ஸில், கருவி காட்டும் ரியாக்டன்ஸ் (இம்பீடன்ஸில் சக்தியைத் தின்னாத பங்கு) அளவுதான் வயரின் சொந்த இம்பீடன்ஸ். எனக்கு வந்தது 105 ஓம்.

இந்த இரண்டு எண்ணும் தெரிந்தபோது முதல் நாள் நடந்ததற்கும் விளக்கம் கிடைத்தது. கால் அலை 3.45இல் என்றால் அரை அலை 6.9இல். அரை அலை நீளமுள்ள எந்த ஃபீட் லைனும் மேலே இருக்கும் இம்பீடன்ஸைக் கீழே அப்படியே கொண்டுவந்து காட்டும். மேலே டைபோல் 60 ஓம் இருந்தது, கீழே இழப்பையும் சேர்த்து 67 ஓம் போலத் தெரிந்தது, 50 ஓம் ரேடியோ திருப்தியடைந்தது. 105 ஓம் வயர் நடுவில் இருப்பதே அதற்குத் தெரியவில்லை. அலமாரியில் கிடந்த சுருள் 15 மீட்டராக இருந்தது என் அதிர்ஷ்டம். 7.5 மீட்டர் இருந்திருந்தால் அது கால் அலை. 60 ஓமைப் புரட்டி 180 ஓம் பக்கத்தில் காட்டியிருக்கும், நானும் வீட்டு வயர் வேலைக்கு ஆகாது என்று முடிவுகட்டியிருப்பேன்.

ட்யூனர் இல்லாமல் ஓட்ட நினைப்பவர்கள் இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: 150ஐ வேக எண்ணால் (எனக்கு வந்த 0.69 போல) பெருக்கி, மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அரை அலை நீளம் மீட்டரில் வரும். 7.05க்கு என் வயரில் 14.7 மீட்டர். ஒரு அலைவரிசைக்கு ஒரு நீளம். 14.7 மீட்டர் வயர் 14.1 மெகாஹெர்ட்ஸில் முழு அலை. அங்கே 14க்கென்றே வெட்டிய டைபோல் இருந்தால் அதுவும் சரியாக ஓடும். 10.1இல் அதே நீளம் ஏறத்தாழ முக்கால் அலையாகி இம்பீடன்ஸைப் புரட்டிவிடும்.

பிறகு நான் கண்டுகொண்டதுதான் ட்வின் வயரின் உண்மையான அழகு. 25 மீட்டர் சுருள் ஒன்றை எடுத்து, ஒரு முனையிலிருந்து 10 மீட்டர் வரை நடுப்பள்ளத்தில் பிளந்தால் டைபோலின் இரண்டு கைகள் கிடைக்கின்றன. பிளக்காத மிச்சம் 15 மீட்டர் ஃபீட் லைன். நடுவில் சால்டர் இல்லை, ஜாயிண்ட் இல்லை, கனெக்டர் இல்லை. பிளவு முடியும் இடத்தில் விளக்கு ஹோல்டருக்குள் எலெக்ட்ரீஷியன்கள் போடுவார்களே, அந்த முடிச்சைப் போட்டுவிட வேண்டும். இல்லையென்றால் காற்றில் ஆடி ஆடி வயர் தானாகவே மேலும் பிளந்துகொண்டு போகும், டைபோல் நீளமும் மாறிக்கொண்டே இருக்கும். எனக்கு ஒருமுறை அப்படித்தான் ஒரு பகலுக்குள் ஒரு சாண் பிளந்தது. முடிச்சுக்கு மேலே நைலான் கயிற்றைக் கட்டித் தூக்கினால் எடை கயிற்றில் போகும், செம்பு இழுபடாது. கைகளின் நீளத்தைப் பொறுத்தவரை, வெற்றுக் கம்பிக்கு 7.05இல் இரண்டும் சேர்த்து 20.3 மீட்டர் போடுவோம். பிவிசி உறை இருப்பதால் என்னுடையது 19.7 மீட்டரில் படிந்தது. நீளமாக வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுங்கள்.

வெளியில் எடுத்துப்போய்க் குறைந்த சக்தியில் பேசுகிறவர்களுக்கு இதைவிட எளிமையான ஆண்டெனா எனக்குத் தெரியாது. முழுதாகச் சுருட்டினால் இரண்டு கைக்குள் அடங்கும், கனமே இல்லை. ஒரு கிளையில் நடுவை ஏற்றி இரண்டு கைகளையும் சரிவாக இறக்கிக் கட்டினால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. அப்படிச் சரிவாக இறக்கும்போது இம்பீடன்ஸ் 50 ஓம் பக்கமாகக் குறையும்.

ஒன்றை நான் தாமதமாகச் செய்தேன், நீங்கள் முதல் நாளே செய்யுங்கள். ட்வின் வயர் சமநிலை லைன், இரண்டு கம்பிக்கும் சம பங்கு. ரேடியோவின் பின்னால் இருக்கும் சாக்கெட் அப்படியில்லை. இரண்டையும் நேராக இணைத்தால் ரேடியோவின் உடலும் ஆண்டெனாவில் ஒரு பங்காகிவிடும். 5 வாட்டில் நான் அதை உணரவில்லை. 50 வாட் போட்ட அன்று மோர்ஸ் கீயின் உலோகம் விரலைச் சுட்டது, கம்ப்யூட்டர் விசைப்பலகை தானாக எழுத ஆரம்பித்தது. அதே ட்வின் வயரை ரேடியோவுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய ஃபெரைட் வளையத்தில் 11 சுற்றுச் சுற்றியதும் இரண்டும் நின்றன. சமநிலை லைனை இப்படிப்பட்ட சாக்கெட்டோடு சேர்க்கும் பேலன் எதுவும் தனியாக வாங்கவில்லை. 31 அல்லது 43 வகை ஃபெரைட் இதற்குச் சரி. பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளையில் கிடைக்கும், ஒரு பக்கம் வெள்ளை பூசிய மஞ்சள் வளையத்தை எடுத்துவிடாதீர்கள். அது இரும்புத் தூள் வளையம். இந்த வேலைக்குத் தேவையான தடுப்பு அதில் கிடைக்காது.

இனி, 14க்கு மேலும் போக வேண்டும், ஒரே ஆண்டெனாவில் பல அலைவரிசை வேண்டும் என்கிறவர்களுக்கு. அதற்கும் இதே வயர் போதும், ஆனால் ஒட்டியபடி வேண்டாம். முழுதாகப் பிளந்துவிடுங்கள்.

வயர்களை இரண்டாகப் பிரித்து 7.5 சென்டிமீட்டர் இடைவெளியில் இணையாக ஓடவிட்டேன். செம்பு அதேதான், பிவிசி உறையும் அதேதான். ஆனால் இப்போது மின்புலம் காற்றில் ஓடுகிறது. உறையின் கெட்ட குணத்துக்கு அங்கே பெரிய வேலையில்லை. இம்பீடன்ஸ் 105இலிருந்து 570 ஓம் பக்கம் ஏறிவிட்டது. அதே சக்தியை இப்போது மிகக் குறைந்த மின்னோட்டம் சுமக்கிறது, செம்பில் வரும் இழப்பும் சேர்ந்து குறைகிறது. 10 மீட்டர் லைனுக்கு 14 மெகாஹெர்ட்ஸில் கணக்கிட்டால் பொருத்தமான சுமையில் 0.1 டெசிபெல்கூட வராது. என்னை அன்று தோற்கடித்த அந்த 3000 ஓம் இருக்கிறதே, அது 570 ஓம் லைனுக்கு ஐந்து மடங்குதான். அந்த இரைச்சலில்லாத சந்தோஷத்தை எப்படிச் சொல்வது! அதே டைபோல், அதே உயரம், அதே ட்யூனர், அதே 5 வாட். ஒரு மணி நேரம் கத்தியும் பதில் வராத அதே 14 மெகாஹெர்ட்ஸில் முதல் அழைப்புக்கே பதில் வந்தது. அந்த மூத்தவரிடம் சொன்னபோது, “அந்தக் காலத்துல எங்களுக்குக் கோஆக்சியல் ஏது தம்பி, இதுதானே எல்லாம்” என்றார். இரண்டாம் உலகப் போர் முடிந்து கோஆக்சியல் பரவலாகக் கைக்கு வரும்வரை, முறுக்கிய இரட்டை வயரும் இப்படித் திறந்த வயருமே ஹாம்களின் வழக்கமாக இருந்தன.

இடைவெளித் துண்டுகளுக்குத் தீர்ந்துபோன பேனாக்களின் குழாயை வெட்டினேன். இரண்டு முனையிலும் சூடான ஊசியால் துளை. வயரை நுழைத்து, நகராதபடி மேலும் கீழும் சின்ன கேபிள் டை. 45 சென்டிமீட்டருக்கு ஒன்று. முதலில் 90க்கு ஒன்று வைத்தேன், காற்றடித்தபோது வயர்கள் நடுவில் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு ட்யூனிங் நடனமாடியது. பிளாஸ்டிக் எதுவானாலும் ஒரு துண்டை மைக்ரோவேவ் அடுப்பில், பக்கத்தில் ஒரு குவளைத் தண்ணீரோடு, அரை நிமிடம் வைத்துப் பாருங்கள். சூடானால் வேண்டாம். கறுப்பு பிளாஸ்டிக்கில் சில வகை கார்பன் கலப்பால் சூடாகும். மீட்டருக்கு ஒரு முறுக்கு என்று லைனை மெல்ல முறுக்கி விட்டால் காற்று அதிகம் ஆட்டாது.

திறந்த லைனுக்கு ஒரு குணம் உண்டு, அது ட்வின் வயருக்கு அவ்வளவாகக் கிடையாது. இரும்புக் கம்பி, தகரம், ஜன்னல் சட்டம் எதற்கும் பக்கத்தில் ஓடக் கூடாது. இடைவெளியைப் போல மூன்று மடங்காவது, அதாவது 20, 25 சென்டிமீட்டர் தள்ளி நிற்க வேண்டும். சுவருக்குள் கொண்டுவர இரண்டு தனித் துளை போட்டேன். கடைசி இரண்டு மீட்டருக்கு மட்டும் ட்வின் வயரைச் சேர்த்துவிடலாம் என்று நினைக்கத் தோன்றும். நானும் செய்து பார்த்தேன். சில அலைவரிசைகளில் அந்தத் துண்டு கைக்குத் தெரியும்படி சூடானது, அதனால் எடுத்துவிட்டேன்.

கம்ப்யூட்டர் லேன் கேபிள் ஆகுமா என்றும் சிலர் கேட்பார்கள். கேட்-5 கேபிளுக்குள் இருக்கும் ஒவ்வொரு முறுக்கு ஜோடியும் 100 ஓம். உறை பெரும்பாலும் பாலிஎத்திலீன். தர அளவுப்படி 100 மீட்டருக்கு 10 மெகாஹெர்ட்ஸில் 6.5 டெசிபெல்லுக்கு மேல் இழக்கக் கூடாது. 15 மீட்டருக்கு அது 1 டெசிபெல். கம்பி மெல்லியதாக இருப்பதால் 7 மெகாஹெர்ட்ஸில் ட்வின் வயரைவிடப் பெரிய லாபமில்லை. 28இல் நல்ல லாபம். இரண்டு ஜோடிகளை இணையாகச் சேர்த்தால் 50 ஓம் ஆகிவிடும். இழப்பு குறையாது, ஆனால் சக்தி தாங்கும் அளவு கூடும். வெளிப்புற உறை வெயிலுக்குத் தாங்காது என்பதால் நான் அதை வீட்டுக்குள் மட்டும்தான் பயன்படுத்துகிறேன்.

ஸ்பீக்கர் வயர் வாங்கும்போது ஒரு இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். செம்பு நிறத்துக்குள் வெள்ளை தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். இழப்பு கொஞ்சம் கூடும், அது பரவாயில்லை. ஆனால் வளைத்தால் ஒடிகிறது, ஈரம் பட்டால் அரிக்கிறது, சால்டர் சரியாகப் பிடிப்பதில்லை. மேலே ஏற்றிக் கட்டுவதற்கு அதை நான் தொடுவதில்லை.

வெயிலும் மழையும் ட்வின் வயரின் பெரிய எதிரிகள். முதல் வயரின் மேல் முனையை மூடாமல் விட்டிருந்தேன். இழைகளுக்கு நடுவில் தண்ணீர் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல உறிஞ்சிக்கொண்டு போனது. ஒரு மழைக்காலம் கழித்துப் பிளந்து பார்த்தபோது முனையிலிருந்து ஒரு கை நீளத்துக்குச் செம்பு பச்சை பிடித்துக் கறுத்திருந்தது. இப்போது முனையைச் சால்டரால் நிரப்பி, மேலே அமில வாடை அடிக்காத சிலிகான் பூசுகிறேன். வினிகர் வாடையுள்ள சிலிகான் செம்பை அரிக்கும். மழை பெய்யும்போது உறையின் மேல் நிற்கும் தண்ணீராலேயே இழப்பு கூடும். நனைந்த வயரை அளந்தபோது 14 மெகாஹெர்ட்ஸில் வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது, காய்ந்ததும் பழைய எண்ணுக்குத் திரும்பியது. வெயிலில் வெளிர் நிற உறை சீக்கிரம் வெடிக்கிறது, கறுப்பு தாங்குகிறது.

பாதுகாப்பில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். இது மின்சாரத்துக்கான வயர் என்பதால் பார்ப்பவர் யாரும் அப்படியே நினைப்பார்கள். பழைய விளக்கிலிருந்து எடுத்த வயர் என்றால் முதல் வேலை பிளக்கை வெட்டி எடுப்பது. அது முனையில் இருந்தால் என்றாவது ஒருநாள் யாராவது சுவரில் செருகுவார்கள். என் வயரின் கீழ் முனையில் சிவப்பு டேப் சுற்றி ‘ஆண்டெனா’ என்று எழுதி வைத்திருக்கிறேன். மின்கம்பிகள் போகும் பக்கம் ஆண்டெனாவின் எந்தப் பகுதியும், அறுந்து விழுந்தாலும்கூட, எட்டக் கூடாது. இடி வரும் அறிகுறி தெரிந்தால் லைனைக் கழற்றி வீட்டுக்கு வெளியே விட்டுவிடுவேன். சக்தியைப் பொறுத்தவரை, பொருத்தமான சுமையில் 100 வாட்டுக்கு இந்த வயரில் 100 வோல்ட் அளவுதான் நிற்கும், அது ஒன்றுமில்லை. எஸ்டபிள்யூஆர் 30 என்றால் அதுவே சில இடங்களில் 550 வோல்ட்டைத் தொடும். அப்படி ஓட்ட நான் இதை ஏற்ற மாட்டேன்.

இப்போது மேலே நிற்பது திறந்த லைன்தான், மூன்றாவது ஆண்டு. பேனாக் குழாய்களில் நான்கு வெயிலில் நொறுங்கி விழுந்தன, அவற்றின் இடத்தில் பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடிகள் ஏறியிருக்கின்றன. 25 மீட்டர் ட்வின் வயர், முடிச்சோடும் நைலான் கயிற்றோடும் ஃபெரைட் வளையத்தோடும், வெளியே போகும் பையில் எப்போதும் கிடக்கிறது. அந்தப் பத்து ரெசிஸ்டர் சுமை மேஜையில் இருக்கிறது. புதிதாக எந்தச் சுருள் கைக்கு வந்தாலும் அதைத்தான் முதலில் இணைக்கிறேன். நேற்று ஒரு நண்பர் கொண்டுவந்த வெள்ளை வயரை 7 மெகாஹெர்ட்ஸில் அளந்தோம். என்னுடையதைவிடக் கொஞ்சம் நல்லதாகவே இருந்தது. இந்த வாரக் கடைசியில் அவர் அதில் டைபோல் ஏற்றப்போகிறார்.